இரண்டு துளைப் பட்டன்

பட்டன் அக்கா தகர டப்பாவுக்குள் கையை விட்டால் அந்த கேன்டீனில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். கை வெளியே வந்த பிறகு யாரும் கேள்வியும் கேட்கமாட்டார்கள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

அதற்கு முன்பு, அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் கேரம் போட்டிக்கு ஜோடி சேர்த்தது சூப்பர்வைசர். தனக்கு டீ வாங்கித் தருகிறவனுக்கு நல்ல ஜோடி, தன்னை முறைக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாத ஜோடி. ஒரு வருடம் கோபத்தில் யாரோ கேரம் பலகையையே கவிழ்த்துவிட்டார்கள். காய்கள் தையல் மெஷின்களுக்கு அடியில் உருண்டன. அன்றைக்குப் பட்டன் பிரிவிலிருந்து எழுந்து வந்தவள்தான் இவள். அப்போது வயது முப்பத்து மூன்று. கணவனை இழந்து இரண்டு வருடம். யாரிடமும் அதிகம் பேசாதவள்.

"சார், நீங்க தள்ளிக்குங்க. இனிமே நான் போடுறேன்" என்றாள்.

பெரிய பட்டன்கள் சிலவற்றை எடுத்து, பின்பக்கத்தில் எண் எழுதினாள். இரண்டு டப்பா. ஒன்றில் நன்றாக ஆடுகிறவர்களின் எண்கள், இன்னொன்றில் புதுக் கைகள். இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று. விழுந்த இரண்டு பேரும் ஜோடி. மாமன் மச்சான் என்று பார்க்காது, மேலே கீழே என்று பார்க்காது அந்த டப்பா.

போட்டியின் பரிசும் லேசுப்பட்டதில்லை. முதலாளி ஏதோ ஒரு நல்ல நாளில் சொன்ன வார்த்தை அது. ஜெயிக்கிற ஜோடி, ஒரு வருடத்துக்குத் தங்களுக்குப் பிடித்த ஷிஃப்டில் வேலை செய்யலாம். கோப்பை வெறும் தகரம். அந்த ஷிஃப்ட்தான் தங்கம். காலை எட்டிலிருந்து மூன்றரை வரை முதல் ஷிஃப்ட். நான்கிலிருந்து இரவு பதினொன்றரை வரை இரண்டாவது. நடுவில் மெஷின்களுக்கு எண்ணெய் விடும் அந்த அரை மணி நேரத்தில், இரண்டு ஷிஃப்டும் கூடி நிற்க, நாளுக்கு ஓர் ஆட்டம் நடக்கும்.

இந்த வருடம் அந்தத் தங்கத்துக்காக ஒருத்தி தவித்துக்கொண்டிருந்தாள். பட்டன் அக்காவின் சொந்தத் தங்கை.

தங்கைக்குக் காலர் தைக்கும் வேலை. அதனால் தொழிற்சாலையில் அவள் பெயர் காலர். நான்கு வருடமாக இரண்டாவது ஷிஃப்ட். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். ஏழு வயதில் ஒரு மகள். காலையில் ஒரு மணி நேரம், "பல் தேய், ஷூ போடு, நேரமாச்சு" என்று கத்திக்கொண்டே மகளைப் பார்ப்பாள். பிறகு நள்ளிரவில் வந்து, தூங்குகிற முகத்தைப் பார்ப்பாள். பள்ளியிலிருந்து கூட்டி வருவது, சாப்பாடு, வீட்டுப்பாடம், கதை, தூக்கம் எல்லாம் அக்கா வீட்டில். குழந்தையின் முதல் பல் விழுந்த சாயங்காலத்தை அவள் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் காகிதத்தில் மடித்த பல்லைத்தான் பார்த்தாள். அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவும் தங்கையும் ஷிஃப்டை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பட்டன் மெஷின் பகலில் மட்டும்தான் ஓடும். காலர் தைக்கத் தெரியாத அக்காவைக் காலர் வரிசையில் உட்காரவைக்க முடியாது. பகல் வரிசைக்கு மனுக் கொடுத்துத் தங்கை மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள்.

அன்று சீட்டு எடுக்கும் நாள். இருபத்தாறு பேர், பதின்மூன்று ஜோடி. முதலில் ஜோடிகள் சேர்ந்தன. தங்கைக்கு விழுந்தவர் இஸ்திரி அண்ணன். சட்டைக்கு மடிப்பு வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேரமில் அவர் ஸ்ட்ரைக்கரையும் இஸ்திரிப் பெட்டி மாதிரியே நினைத்து மெதுவாகத் தள்ளுவார். காய் குழிக்குள் போகும், பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போகும்.

"காலர், உனக்கு நல்ல மாப்பிள்ளைதான் விழுந்திருக்கார்!" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் சும்மா இருந்தாலே அந்தப் பொண்ணு ஜெயிச்சிடும்" என்று இஸ்திரி அண்ணன் பரிதாபமாகச் சொன்னார். "நான் ஆடறதுதான் பயம்."

அடுத்து, யாரோடு யார் மோதுவது என்ற சீட்டு. பதின்மூன்று ஜோடியில் பத்து ஜோடிகள் முதல் சுற்றில் மோத வேண்டும். மிச்சம் மூன்று ஜோடி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சும்மா பாஸ். ஜெயித்த ஐந்து ஜோடியும் மூன்று சும்மா பாஸும் சேர்ந்தால் எட்டு. பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. அவ்வளவுதான் கணக்கு. மூன்றாவது டப்பாவில் ஜோடிக்கு ஒன்றாகப் போட்ட பதின்மூன்று பட்டன்களில் பத்தை அக்கா எடுப்பாள். டப்பாவிலேயே தங்கிவிட்ட மூன்றுக்கும் அதிர்ஷ்டம்.

பத்து பட்டன்கள் வந்தன. சூப்பர்வைசர் ஒரு பெரிய அட்டையில் கோடு போட்டு எண்களை எழுதினார். டப்பாவைக் கவிழ்த்தபோது மேஜைமேல் விழுந்தவை பதினொன்று, இரண்டு, ஏழு.

ஏழு, தங்கையின் ஜோடி.

தங்கை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். "அக்கா! பாதி கிணறு தாண்டியாச்சுக்கா!" என்றாள். அவள் கண்ணீர் அக்காவின் தோளில் சூடாக இறங்கியது. யாரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் பட்டன் அக்காவின் கைக்கு இருந்த மரியாதை.

சாயங்காலம் வீட்டில் குழந்தை வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா டப்பாவைத் திறந்து, பட்டன்களைத் துணியால் துடைத்து அடுக்கினாள். ஐந்து, ஆறு, ஏழு...

விரல் நின்றது.

மற்ற பட்டன்களுக்கெல்லாம் நான்கு துளை. ஏழுக்கு இரண்டு. நிறம் ஒன்று, அளவு ஒன்று, துளை மட்டும் வேறு. போன வருடம் ஏழாம் எண் எங்கேயோ உருண்டு தொலைந்துபோனது அவளுக்கு நினைவு வந்தது. அவசரத்தில் தரையில் கிடந்த ஒன்றை எடுத்து எண் எழுதிப் போட்டவளும் அவள்தான்.

வேறு யாராக இருந்தாலும் இதில் என்ன வந்தது என்று மூடிவைத்திருப்பார்கள். ஆனால் இவள் பதின்மூன்று வருடமாகப் பட்டன் தைக்கிறவள். ஒரு நாளைக்கு மூவாயிரம் பட்டன். மெஷினின் பிடியில் வைப்பதற்கு முன் அவள் கண் பட்டனைப் பார்க்காது, விரல்தான் பார்க்கும். இரண்டு துளை வந்தால் விரல் தானாகவே அதை ஒதுக்கிவிடும். அந்த மெஷினில் இரண்டு துளைப் பட்டன் ஏறினால் ஊசி உடையும். ஒதுக்கு, ஒதுக்கு என்றே பழகிய விரல்.

அப்படியென்றால் டப்பாவுக்குள்ளும் ஏழாம் எண்ணை ஒதுக்கியது அந்த விரல்தானா?

கண்ணை இறுக மூடிக்கொண்டு, பதின்மூன்றையும் டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பத்தை எடுத்தாள். ஏழு உள்ளேயே தங்கியது. மறுபடி. தங்கியது. வேண்டுமென்றே வேகமாக எடுத்தாள். வெளியே வந்தது. மறுபடி, மறுபடி. ஏழு முறை எடுத்ததில் ஐந்து முறை ஏழாம் எண் டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

"பெரியம்மா, என்ன விளையாட்டு இது? நானும் வரேன்" என்றாள் குழந்தை.

"விளையாட்டு இல்லடி கண்ணு. நீ வாய்ப்பாடு எழுது."

குழந்தை தலையைக் குனிந்துகொண்டு எழுதியது. அந்தச் சின்ன உச்சி வகிட்டையே அவள் பார்த்தாள். தான் ஏமாற்றினாளா? சத்தியமாக இல்லை. தன் கை ஏமாற்றியதா? அந்தச் சத்தியத்தை அவளால் செய்ய முடியவில்லை. பேசாமல் இருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பேசினால் தங்கையின் கையில் வந்த வரத்தைத் தானே பிடுங்கியதாகும்.

முடிவு எடுக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதைத் தங்கையிடம் சொல்லும் தைரியத்தைத் திரட்டத்தான் மறுநாள் மூன்றரை மணி வரை ஆனது.

கை கழுவும் குழாயடியில் தங்கையை நிறுத்திச் சொன்னாள். தங்கை முதலில் சிரித்தாள். பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீ வேணும்னே பண்ணியா?"

"இல்லடி."

"அப்போ விடு. முடிஞ்சு போச்சு."

"என் கை பண்ணியிருக்கு."

"கையாவது காலாவது! யாராவது கேட்டாங்களா? யாராவது உன் டப்பாவை வந்து பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்க மாட்டாங்கன்னுதான்டி என்கிட்ட குடுத்திருக்காங்க."

தங்கையின் முகம் சிவந்தது. அடுத்து அவள் சொன்னதை அந்தக் குழாயடியில் நின்றிருந்த இரண்டு பெண்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. எனக்குப் பகல் ஷிஃப்ட் கிடைச்சிட்டா என் பொண்ணு உன்கிட்ட வரமாட்டா. அதானே? உனக்குப் பிள்ளை இல்ல. என் பிள்ளையை வச்சுக்கிட்டு நியாயம் பேசுற!"

அக்கா குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக கேன்டீனுக்குப் போனாள். சுவரில் மாட்டியிருந்த அட்டையை இறக்கி, எல்லோர் முன்னாலும் இரண்டாகக் கிழித்தாள்.

முதல் ஆட்டத்துக்கு ஸ்ட்ரைக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னம்மா பண்ற?" என்று சூப்பர்வைசர் அலறினார். "ராத்திரி உட்கார்ந்து கலர் கலரா கோடு போட்டேன்மா!"

அவள் ஏழாம் எண்ணைத் தூக்கிக் காட்டினாள். துளையைச் சொன்னாள். விரலைச் சொன்னாள். வீட்டில் ஏழு முறை எடுத்துப் பார்த்ததையும் சொன்னாள். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை.

கட்டிங் மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இரண்டு வருடமாகக் கோப்பையை வைத்திருப்பவர் அவர். ஆள் ஆறடி, குரல் எட்டடி.

"அப்போ பட்டனம்மா, நீ திருடியா?"

"தெரியல மாஸ்டர். அதுதான் பிரச்சினை. தெரிஞ்சிருந்தா தண்டனையை வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"இதையெல்லாமா பெருசு பண்ணுவாங்க? எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றது சும்மா பாஸ் கிடைத்த இன்னொரு ஜோடி, அவசர அவசரமாக.

"உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"ஜோடி அப்படியே இருக்கட்டும். அந்த ரெண்டு டப்பாவுலயும் எல்லாம் நாலு துளைதான், எண்ணிப் பார்த்துட்டேன். மோதற சீட்டை மட்டும் திரும்பப் போடணும். புது பாக்கெட் பட்டன். என் கை வேண்டாம். சார் எடுக்கட்டும்."

"சாரா!" என்று பத்துக் குரல்கள் பதறின. பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை யாருக்கும் மறக்கவில்லை.

"சார் கையும் வெறுங்கையா வேண்டாம்" என்றாள். "மாஸ்டர், உங்க கையுறையைக் குடுங்க."

துணி வெட்டும் கத்திக்குப் பயந்து கட்டிங் மாஸ்டர் இடது கையில் மாட்டும் இரும்பு வலைக் கையுறை அது. அதை மாட்டினால் ஊசி குத்தினாலும் தெரியாது, துளையா தெரியப்போகிறது? சூப்பர்வைசர் அதை மாட்டிக்கொண்டு, போருக்குக் கிளம்பும் ராஜா மாதிரி கையைத் தூக்கியபடி நின்றார்.

"சார், வாளை மறந்துட்டீங்க" என்றார் இஸ்திரி அண்ணன்.

புது பாக்கெட்டைப் பிரித்துப் பதின்மூன்று பட்டன்களையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னாள். எண் எழுதினாள். டப்பாவில் போட்டாள். பத்தடி தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

இரும்புக் கை உள்ளே போனது. கிளிங் கிளிங் என்று சத்தம். முதல் ஆட்டம் முடிவானது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஏழு வரவில்லை. டப்பாவில் இன்னும் ஐந்து பட்டன். இரண்டு வெளியே வரவேண்டும், மூன்று தங்கவேண்டும். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நாலு!" என்றார் சூப்பர்வைசர். நாலு, கட்டிங் மாஸ்டரின் ஜோடி.

அடுத்த பட்டனை எடுத்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பட்டன் அக்காவைப் பார்த்தார்.

"படிங்க சார்" என்றாள் அவள்.

"ஏழு."

தங்கை அங்கே நிற்கவில்லை. அழுதுகொண்டே தையல் கூடத்துக்குள் ஓடிவிட்டாள். பின்னாலேயே வந்த அக்கா, காலர் மெஷினுக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தாள். ஆட்கள் உள்ளே வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சுற்றிலும் மெஷின்கள் எண்ணெய் மினுமினுக்க அமைதியாக நின்றன.

"போயிடு. என் முகத்துல முழிக்காத."

"போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." அக்காவுக்கு முதல் தடவையாகக் குரல் தடுமாறியது. "குழாயடியில நீ சொன்னியே, அது முழுப் பொய் இல்லடி. ஏழுன்னு அவர் சொன்னதும் ஒரு நொடி எனக்கு மனசு லேசாச்சு. இன்னும் ஒரு வருஷம் அவ என்கிட்ட வருவான்னு. ஒரே ஒரு நொடி. அப்புறம் என்னையே செருப்பால அடிச்சுக்கலாம்னு இருந்துச்சு."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதனால சொல்றேன். நீ ஜெயிக்கணும். சும்மா பாஸ்ல போய் இல்ல. அந்த ஆறடி மனுஷனை உட்காரவச்சு ஜெயிக்கணும். உன் பொண்ணை நீ என்கிட்டேருந்து பறிச்சுட்டுப் போகணும். நான் அதைச் சுவத்துல எழுதணும்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் அழுகை போய்விட்டிருந்தது.

"பறிக்கிறேன் பாரு" என்றாள்.

அடுத்த நான்கு நாளும் பகல் ஷிஃப்டின் சாப்பாட்டு நேரத்துக்கே தங்கை தொழிற்சாலைக்கு வந்தாள். இஸ்திரி அண்ணனை மேஜையிலிருந்து இழுத்து வந்து, கேன்டீன் மூலையில் பலகைமுன் உட்காரவைத்தாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அம்மா தாயே, என் கைக்கு அடிக்கவே வராது."

"அடிக்க வேண்டாம் அண்ணே. நீங்க தள்ளுங்க. தூரத்துக் காயெல்லாம் நான் பார்த்துக்கறேன். குழிக்கிட்ட வர்றதை மட்டும் தள்ளுங்க. ஆனா காலர் நுனியை இஸ்திரி போடுறப்ப கடைசியில பெட்டியை லேசா தூக்குவீங்கல்ல? அந்தக் கை வேணும்."

இஸ்திரி அண்ணன் யோசித்தார். தள்ளினார். காய் உள்ளே போனது. ஸ்ட்ரைக்கர் விளிம்பில் நின்றது. "அட!" என்று தன் கையையே பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஆட்டம். மூன்று பலகையில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் பலகையை மாஸ்டர் ஐந்தே நிமிடத்தில் வாரிக்கொண்டு போனார். அவர் அடித்தால் காய்கள் வெடித்துச் சிதறும். இரண்டாவதில் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புக் காயை எடுத்தாள். இஸ்திரி அண்ணன் மிச்சத்தைத் தள்ளித் தள்ளி முடித்தார். மூன்றாவது பலகையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காய்தான் மிச்சம். மாஸ்டர் ஓங்கி அடித்தார். அவர் காய் குழியின் உதட்டில் மோதி, எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. அந்த வேகத்தில் தங்கையின் காயும் நகர்ந்து, இஸ்திரி அண்ணன் எதிரிலிருந்த குழிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

இஸ்திரி அண்ணன் ஸ்ட்ரைக்கரை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"பெரியவரே, பெட்டி சூடாச்சா?" என்று மாஸ்டர் சீண்டினார்.

"ஆயிட்டே இருக்கு மாஸ்டர். அவசரப்பட்டா துணி கருகிடும்."

தள்ளினார். காய் குழிக்குள் நழுவியது. ஸ்ட்ரைக்கர் அதன் பின்னாலேயே போய், விளிம்பில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, நின்றது.

கூரை பிய்ந்துவிடும்போல் கேன்டீன் கத்தியது. மாஸ்டர் எழுந்து இஸ்திரி அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பட்டன் அக்காவின் பக்கம் திரும்பி, "நீ போட்ட சீட்டுலதான் ரெண்டு வருஷம் ஜெயிச்சேன். நீ மறுபடி போடவச்ச சீட்டுல தோத்தேன். ரெண்டுலயும் எனக்குச் சந்தேகம் இல்ல, போ" என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று சுற்று. கடைசி ஆட்டம் மூன்றாவது பலகை வரை போனது. ஆனால் அந்த ஜோடியை நிறுத்த யாராலும் முடியவில்லை. பன்னிரண்டாம் நாள், அட்டையின் கடைசிக் கோட்டில் எண் எழுத வேண்டிய நேரம் வந்தது. பட்டன் அக்கா எழுதினாள். ஏழு. கோணல் இல்லாமல், கெட்டியாக எழுதினாள்.

இஸ்திரி அண்ணன் தனக்குப் பழைய முதல் ஷிஃப்டே போதும் என்றார், வீட்டில் மனைவி பகலில் தூங்கவிடமாட்டாளாம். தங்கை, "முதல் ஷிஃப்ட். நாளையிலிருந்தே" என்றாள். சூப்பர்வைசர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. பள்ளி விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தங்கை வாசலில் வழிமறித்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அக்கா, காலையில முன் கேட்லதான் விடுறேன். சாயங்காலம் எந்தப் பக்கமா வருவா?"

பெற்ற தாய் கேட்ட கேள்வி அது. அக்கா விரல்விட்டுச் சொன்னாள், ஒன்றையும் விடாமல்.

"பின் கேட். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நில்லு. வேற எங்க நின்னாலும் காணோம்னு அழுவா. முதல்ல தண்ணி பாட்டில் எங்கன்னு கேளு, தினம் வகுப்புலயே விட்டுட்டு வருவா. ரோடு தாண்டுறப்ப இடது கையைத்தான் குடுப்பா, வலது கையில ஏதாவது வச்சிருப்பா. வழியெல்லாம் பேசுவா. நடுவுல பேசாத. முடிச்சதும் கேளு."

தங்கையின் கண்கள் நிறைந்தன. "முதல் நாள்தானே. நாளைக்கு நீயும் கூட வாயேன்க்கா."

"வரமாட்டேன்."

"ஏன்க்கா, இன்னும் கோபமா?"

"ரெண்டு பேரும் நின்னா அவ என்கிட்டதான்டி ஓடி வருவா" என்றாள் பட்டன் அக்கா. "நீ மட்டும் போய் நில்லு."